இடது முன்சக்கரம்

பிரேக் போடும்போது மோட்டார் வண்டி குலுங்கினால் உடனே பயந்துவிடக் கூடாது. பெரும்பாலும் காரணம் சிறியதாகத்தான் இருக்கும். ஒரு போல்ட் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் ஸ்பிரிங் பட்டை ஒன்று விட்டிருக்கும். பொறுமையாகப் பார்த்தால் அரை நாள் வேலை.

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு, நான் சுருளி. நாகமலை புதுக்கோட்டையில் பிறந்தவன். 1938இல் மதுரையில் ஒரு மோட்டார் பட்டறையில் பிட்டராக இருந்தேன். அந்த வருடம் ஆவணி மாதம் சமயநல்லூர் சாலையில் கருப்பு என்பவன் மோட்டாரிலிருந்து தவறி விழுந்து இறந்தான் என்று தங்கள் ஸ்டேஷனில் எழுதியிருக்கும். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகவே எழுதித் தருகிறேன்.

வண்டி கண்ணுச்சாமியுடையது. சமயநல்லூரில் நிலபுலன் உள்ளவர், எங்கள் ஆள். ஏழு பேர் உட்காரும் பெரிய குடும்ப வண்டி அது. பிரேக்கை மிதித்தால் வண்டியே நடுங்குகிறது, பிள்ளைகள் பயந்து அழுகிறார்கள் என்று கொண்டுவந்து விட்டார். பின்பக்க ஸ்பிரிங்தான் கோளாறு என்று நான் சொன்னேன். பட்டறையில் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். இரண்டு நாள் பின்பக்கத்தைப் பிரித்துக் கோத்தேன்.

மூன்றாம் நாள் அவரை உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். ஜாக்கி வைக்க ஆள் வேண்டும் என்று, பட்டறையில் வண்டி கழுவும் கருப்பையும் கூட்டிப்போனேன். அவன் ஆட்கள் எங்கள் ஆட்களோடு வண்டிக்குள் உட்காரும் வழக்கம் இல்லை. இடப்பக்கக் கதவுக்கு வெளியே, படிப்பலகையில் வெறுங்காலோடு நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான். பிரேக் போட்டேன். வண்டி பழையபடியே நடுங்கியது.

கண்ணுச்சாமி சலிப்போடு வெளியே எட்டிப் பார்த்து, "நீ என்னப்பா சொல்றே?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

"முன்னால இந்த எடது சக்கரம் சாமி. அங்கிட்டிருந்துதான் நடுக்கம் எங்காலுக்கு ஏறுது. உள்ள டிரம்மு கோணிப்போச்சு. கடைசல்ல குடுத்து எடுத்தா சரியாயிரும்."

கண்ணுச்சாமி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏப்பா சுருளி, ஒன் படிப்பக் காட்டிலும் அவன் காலு நல்லா வேலை செய்யுதேப்பா."

அவர் மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்குத்தான் அவமானத்தில் முகம் எரிந்தது. உள்ளே மெத்தையில் உட்கார்ந்திருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்காது. நாங்கள் வெளியே நிறுத்தியதால் தெரிந்துகொண்டான்.

அன்று மாலை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பிரேக் கட்டைகள் உரசும் இரும்புச் சட்டிக்குத்தான் டிரம் என்று பெயர். அவன் சொன்னது போலவே அது கோணியிருந்தது. கடைசல் பட்டறைக்கு அனுப்பினால் இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் மூடிவிட்டு, அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் கம்பியைக் கழற்றிவிட்டேன். பிரேக் பிடித்தால்தானே நடுங்கும். ஸ்பிரிங் கோளாறு தீர்ந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மறுநாள் காலை தனியாக ஓட்டிப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. வேகத்தில் ஓங்கி மிதித்தால் மட்டும் வண்டி வலப்பக்கம் வெட்டித் திரும்பியது. திரும்பி வந்து, வண்டியைச் சமயநல்லூரில் விட்டு வரலாம் வா என்று கருப்பைக் கூப்பிட்டேன். உள்ளே ஆறு இடம் காலியாக இருந்தது. அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வழியில் மூன்று நான்கு தடவை மெதுவாகப் பிரேக் போட்டேன்.

"இப்ப நடுக்கம் இருக்கா?" என்றேன்.

அவன் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தான். "நடுக்கம் இல்ல சாமி. ஆனா இந்தச் சக்கரம் பிடிக்கவே இல்லையே. கம்பி விட்டுப்போச்சு போல. பிள்ளைகுட்டிக ஏறுற வண்டி. போனதும் அய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருவோம்."

என்னைச் சந்தேகப்படவில்லை. கம்பி தானாக விட்டுப்போனது என்றே நம்பினான்.

"சொல்லிருவோம்," என்றேன். வேகத்தைக் கூட்டினேன். சாலையில் முன்னும் பின்னும் ஒருவரும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் பிரேக்கை அடிவரை மிதித்தேன்.

வண்டி வலப்பக்கம் திரும்பியது. அவன் இடப்பக்கம் போய் மைல்கல்லில் விழுந்தான். நான் இறங்கி முதலில் பிரேக் கம்பியை மாட்டினேன், யாராவது வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அது முடிந்தபிறகு அவனிடம் போனேன். அதுவரை உயிர் இருந்தது.

வண்டி பட்டறைக்கே திரும்பியது. அடுத்த வாரம் டிரம்மை யாருக்கும் தெரியாமல் திருமங்கலம் கொண்டுபோய்க் கடைந்து வந்து மாட்டினேன். வண்டி அருமையாக நின்றது. "ஸ்பிரிங்கு பத்தி நீ சொன்னதுதான் சரி சுருளி, நாந்தான் அவன் பேச்சக் கேட்டுச் சிரிச்சுட்டேன்," என்றார் கண்ணுச்சாமி. நான் சந்தோஷப்பட்டேன். அதை எழுதக் கை கூசுகிறது.

கருப்பின் மனைவி முனியாயி ஒரு நாள் பட்டறை வாசலுக்கு வந்தாள். அழவில்லை. "சாமி, அவரு உள்ள உக்காந்து வந்திருந்தா பொழச்சிருப்பாரா?" என்று கேட்டாள். அதெல்லாம் வழக்கமில்லையே முனியாயி என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்ணுச்சாமி போன மாதம் காலமாகிவிட்டார். அன்று வண்டியில் கருப்பு சக்கரத்தைப் பற்றிச் சொன்னதை அறிந்தவன் இனி நான் ஒருவன்தான். எட்டு வருடம் நான் வாய் திறக்காததற்குத் தூக்குக் கயிற்றுக்குப் பயந்தது காரணம் என்று தாங்கள் நினைக்கலாம். அப்படியில்லை. இதைச் சொன்னால், கருப்பு சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத்தான் எட்டு வருடம் ஆயிற்று.