வானத்துக் கப்பல்படையின் சட்டம்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், குருண் ஊரின் பங்கீட்டு அரிசி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தோட்டத்துக் கங்காணி நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவே நின்ற, ரப்பர் பால்மரம் சீவுபவர், நட்சத்திரங்களுக்கு நடுவே ஓடும் கப்பல்படையைப் பற்றித் தானே கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அட்மிரல் சொல்றத கேப்டன் கேக்கணும். கேப்டன் சொல்றத மாலுமி கேக்கணும். அதான் அங்க சட்டம், அண்ணே.”

“பத்து மாலுமிய சாவுக்கு அனுப்புன்னு அட்மிரல் சொன்னா?” என்றார் கங்காணி.

“அனுப்பித்தான் ஆகணும்லா. ஆள கேப்டன் பொறுக்குவான்.”

கங்காணி தரையைப் பார்த்தார்.

“சயாமுல ரயில் பாதை போட ஜப்பான்காரன் பத்துப் பேரு கேட்டான், தம்பி. பேர எழுதிக் குடுத்துட்டேன்.”

“நானும் இருக்கேனா, அண்ணே?”

“இருக்க.”

“அப்ப மிச்சக் கதைய இப்பவே சொல்லிடுறேன்.”

கங்காணி ஒதுங்கி, அவரைத் தனக்கு முன்னால் நிற்க விட்டார்.