காருக்கு ரெட்டைப் பாதுகாப்பு

...சும்மா விடுவேனா நான்? நீங்களே பாருங்கண்ணே! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்குதே சிவப்புக் காரு, அது என்னுது. பானட்டைப் பாருங்க... திட்டுத் திட்டா, தேமல் வந்த மாதிரி! இந்தக் கடையில போட்ட செராமிக் கோட்டிங், பெயிண்டுக்குக் காவலா மேல பூசுறதாம். மூணு வருஷம் அசையாதாம். மூணு வாரம் தாங்கலைண்ணே!

உக்காருங்க, உக்காருங்க. உங்க வண்டி இப்பதானே உள்ள போச்சு, எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.

அந்தக் காரு வந்த அன்னிலேர்ந்து வீட்ல ரெண்டு கட்சி. எங்க வீட்டுக்காரரு வாக்ஸ் கட்சி. "மெழுகு போதும்டி, மூணு மாசத்துக்கு ஒருக்கா நானே தேச்சு விடுறேன்"ம்பாரு. யாரு? குடிச்ச டம்ளரைக் கழுவி வைக்காத மனுஷன், காரைத் தேய்க்கப் போறாராம்! என் தம்பி செராமிக் கட்சி. "அது பெயிண்டோட ஒட்டிக்கும்க்கா, பெயிண்டோட ஒட்டிக்கும்க்கா"ன்னு சொன்னதையே சொல்லி உயிரை வாங்கிட்டான். அவன்கிட்ட சைக்கிள் கூடக் கிடையாது, அது வேற கதை. சாப்பாடு ஆறிப்போற வரைக்கும் சண்டைண்ணே.

சரி, செராமிக்தான்னு இங்க கொண்டாந்தேன். கோட்டிங் போடுறவரு இருக்காரே, ஒல்லியா, எப்பவும் தோள்ல ஒரு துணியோட... அவரு ஆயிரம் கேள்வி கேக்குறாரு. "மேல ஏதாச்சும் தடவியிருக்கீங்களாம்மா? எதுக்கும் சுத்தமா துடைச்சு எடுத்துட்டுப் போடுறேன், ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க"ன்னாரு. ரெண்டு நாளா! மறுநாள் எங்க நாத்தனார் வர்றா. அவ முன்னாடி அந்தக் கார்ல போய் இறங்கணும் எனக்கு. "ஒண்ணும் தடவலை! பளபளன்னு இருக்குறது கண்ணுக்குத் தெரியலையா? நேரா போடுங்கய்யா"ன்னு ஒரு சத்தம் போட்டேன். வாயை மூடிக்கிட்டுப் போட்டாரு.

இப்ப மழை பெஞ்சா தண்ணி உருண்டு ஓடணுமாம். எங்க ஓடுது? குளமா நிக்குது! அதான் ஓனர்கிட்ட சொல்லிட்டேன், அந்த ஆளை வேலையில வச்சிருந்தீங்கன்னா ஊரு பூரா சொல்லுவேன்னு. உள்ள கூப்பிட்டு வச்சு காச்சுறாரு, கேக்குதா? இன்னையோட நின்னுக்கன்னுதான் சொல்லப் போறாரு. அந்த ஆளு எட்டு வருஷமா இங்கதான் வேலையில இருக்காராம், பாவம்... என்ன பாவம்? செய்யிற வேலையில ஒரு சுத்தம் வேணாமா?

நீங்க எதுக்கு வந்தீங்க, வாக்ஸா செராமிக்கா? என்னைக் கேட்டா ரெண்டும் வேணும்ணே! நான் அப்படித்தான் பண்ணேன். இங்க கொண்டாந்த அன்னிக்குக் காலைல, எங்க வீட்டுக்காரரு எந்திரிக்கிறதுக்குள்ள, அவரு வாங்கி வச்ச வாக்ஸ் டப்பாவைக் காலி பண்ணிட்டேன். வண்டி பூரா மூணு தடவை. பானட்டுல நாலு! அவரு மனசும் கோணக்கூடாது, தம்பி மனசும் கோணக்கூடாது. கீழ மெழுகு, மேல செராமிக். ரெட்டைப் பாதுகாப்பு! எப்படி?

...ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க? என்னது... மெழுகு மேல அது ஒட்டாதா? தம்பி பெயிண்டோட ஒட்டும்னுதான்... ஆமா... பெயிண்டோடன்னுதான் சொன்னான்...

அய்யய்யோ.

என்ன எந்திரிச்சுட்டீங்க? காபி மெஷின் இந்தப் பக்கம்ணே. அது ஓனர் ரூமு. அண்ணே, தட்டாதீங்கண்ணே, உள்ள பேசிக்கிட்டு இருக்காங்க... தட்டிட்டாரே! அண்ணே... அண்ணே! சொல்றதுதான் சொல்றீங்க... ஒரே ஒரு தடவை தேச்சேன்னு சொல்லுங்கண்ணே!