அப்பாவின் கார் சாவி

ஞாயிற்றுக்கிழமை, ஆனேக்கல் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள். ஒருவர் மடியில் புது பிரேக் பேடு அட்டைப்பெட்டி.

“அப்பாவுக்குத் தெரியாம கார் சாவிய எடுத்துட்டு வந்துட்டேன் மச்சா” என்றார் பெட்டிக்காரர்.

“ஏன், என்னாச்சு?”

“நாலு நாளா பிரேக் மிதிச்சா இரும்பு அரைக்கிற சத்தம். தெருவே திரும்பிப் பாக்குது. அப்பா மட்டும் ‘எனக்கு ஒண்ணும் கேக்கலயே’ன்னு ஓட்டிட்டே இருந்தாரு. காலைல நானே ஜாக்கி போட்டு வீலைக் கழட்டிப் பாத்தேன். பேடு சுத்தமா தேஞ்சு, தகடு டிஸ்க்ல உரசுது.”

“இதை மாட்டினா சரியாயிடும்.”

“அதில்ல மச்சா. கையில புது பேடு இல்லன்னு வீலை அப்படியே திரும்ப மாட்டினேன். நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள அதே சத்தத்தோட ஒரு ரவுண்டு போயிட்டு வந்துட்டாரு. ‘நல்லா ரிப்பேர் பண்ணிட்டடா, சத்தமே இல்ல’ன்னு முதுகுல தட்டுறாரு.”

நண்பர் கேட்டார்:

“பேடு மாட்டிட்டு சாவியக் குடுத்துடுவியா?”

“தினமும் என் பொண்ண ஸ்கூல்ல விடறது அவர்தான். நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் கார்கிட்ட வந்து நிப்பாங்க.”