குறைந்துபோன இருபத்தெட்டு மணி

வியாழக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் பலாக்கொட்டைக் கறி. எங்கள் வீடு என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். இருப்பது நான் ஒருத்திதான். கோப்பியைக் குடியுங்கள் சேர், ஆறினால் நன்றாயிருக்காது. சீனி போதாவிட்டால் சொல்லுங்கள். அலுமாரியிலிருந்து இரண்டாவது கோப்பையை எடுத்து ஏழு வாரமாகிறது.

விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. இரத்மலானையில் கிளம்பி சீகிரியாவுக்குப் போகிற சின்ன விமானம் குருநாகல் பக்கமாகத் தட்டை நிலத்தின் மேலேதானே போகவேண்டும், மாத்தளைக்கு ஏன் வந்தது என்று. அதற்கு வருகிறேன். நடுவிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு விளங்காது, எனக்கும் கோர்வையாக வராது.

முப்பத்தொரு வருடம் கொழும்பில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் கிளார்க்காக இருந்தேன். யார் எந்த விமானத்தில் எத்தனை மணி பறந்தார் என்று எழுதுவதுதான் வேலை. நான் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. யாரும் "வாங்க சந்திரகாந்தா, ஒரு சுற்று போவோம்" என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஓய்வு பெற்று மாத்தளைக்கு வந்த பிறகு, விமானக் கம்பனிகளுக்கு ஆள் தெரிந்தெடுத்துக் கொடுக்கும் ஒரு முகவர் நிலையம் என்னைத் தேடிப் பிடித்தது. விமானியாகச் சேர விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் பறப்புப் பதிவேடு கூரியரில் வரும். அதிலுள்ள மணிகளை அவர்கள் பறந்து பழகிய பறப்புக் கழகத்தின் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, சரி என்றால் சரி என்று எழுதி அனுப்புவேன். நான் அனுப்பினால்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். அனுப்பாவிட்டால் கோப்பு என் மேசையில் இருக்கும். அவ்வளவுதான்.

ஜூன் மாதம் ஹம்சிகாவின் பதிவேடு வந்தது. விலாசத்தைப் பார்த்தேன், ரத்தோட்டை. பஸ்ஸில் வந்தால் முக்கால் மணி நேரம். ஒரு பக்கத்தில் தேதி மங்கலாக இருந்தது, போனில் கேட்டிருக்கலாம். நேரில் வரச் சொன்னேன்.

இருபத்து நான்கு வயதுப் பெண். அப்பா இராமசாமி, தேயிலைத் தோட்டத்தில் சுப்பர்வைசர், அம்மா கொழுந்து பறிக்கிறவர். வீட்டுக்கு மேல்தட்டு கட்டக் கம்பி நிறுத்தியிருந்தார்களாம். கம்பி அப்படியே துருப்பிடித்து நிற்க, அந்தக் காசெல்லாம் இவளுடைய பறப்புக்குப் போயிற்று. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தவள், போகிற வரைக்கும் நிறுத்தவில்லை. அன்றைக்கு வியாழக்கிழமை. கறி இருந்தது, சாப்பிட்டாள். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டாள். அவள் போனபின் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இரைகிற சத்தம் கேட்டது. எட்டு வருடமாக அது இரைந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

இனி அந்தக் கணக்கு. ஒரு விமானம் பறப்பதற்காகத் தானாக நகரத் தொடங்கிய நிமிடத்திலிருந்து, கடைசியில் ஓய்ந்து நிற்கிற நிமிடம் வரைக்கும் விமானியின் நேரம். தரையில் ஊர்ந்ததும் சேரும். ஆனால் கழகத்தின் புத்தகத்தில், எஞ்சின் பராமரிப்புக்காக, நிலத்தை விட்டு எழும்பியதிலிருந்து இறங்கியது வரைக்கும்தான் எழுதுவார்கள். ஒரு பறப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் வித்தியாசம் வரும். ஹம்சிகா இருநூறு தடவை பறந்திருந்தாள். இருநூறு தடவை பன்னிரண்டு நிமிடம் என்றால் நாற்பது மணி. அவளுடைய பதிவேட்டில் இருநூற்று அறுபத்திரண்டு. கழகத்தின் புத்தகத்தில் இருநூற்று இருபத்திரண்டு. கம்பனி கேட்டது இருநூற்றைம்பது.

இரண்டாவது வியாழக்கிழமை, இருபத்தெட்டு மணி குறைகிறது என்று சொன்னேன்.

"அது எப்படி அன்ட்டி? ரன்வேக்கு நத்தை மாதிரி ஊர்ந்து போறதையும் சேத்துத்தானே எழுதணும். சட்டம் அப்படித்தானே?"

"சட்டம் லைசன்சுக்கு மகள். இது கம்பனிக் கணக்கு. காத்துல இருந்த நேரம் மட்டுந்தான் எடுப்பாங்க."

பதிவேட்டை மூடி வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"எங்கம்மா கொழுந்து நிறுக்கப் போனா, ஈரத்துக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோன்னு கழிப்பாங்க. மேல ஏறிப் போனாலும் தராசு அதேதான் போலிருக்கு."

கம்பனிக்கு எழுதிக் கேட்கட்டுமா என்றாள். எழுதலாம், ஆனால் கேள்வி கேட்கிறவர்களைப் பட்டியலின் அடியில் போட்டுவிடுவார்கள் என்றேன். அவளுக்காகத்தான் சொன்னேன். டிசம்பர் முப்பத்தொன்றோடு பட்டியல் மூடுகிறது. அடுத்தது எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் இருபத்தெட்டு மணியைப் பறந்து முடிக்கவேண்டும். மாதம் நாலைந்து மணி பறக்கத்தான் அவளால் முடிந்தது. கொழும்பில் ஒரு அக்காவோடு தங்கிக் கடையில் வேலை செய்தாள், சேர்ந்த காசுக்குப் பறந்தாள், வியாழக்கிழமை லீவு எடுத்துப் பதிவேட்டோடு வந்தாள். புதிதாக எழுதியதை நான் ஒவ்வொரு வாரமும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

ஒருநாள் கறியைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அன்ட்டி, ஒங்க பலாக்கொட்டைக்காகத்தான் நான் பாஸ் பண்ணாம இருக்கேன்னு அப்பா கேலி பண்றாரு."

"அப்பாவுக்கும் ஒரு போத்தல்ல போட்டுத் தாறேன், கொண்டு போங்க," என்றேன். கொண்டு போனாள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். செப்டம்பரில் ஒருநாள், சீகிரியாவுக்குப் போகிற வழியில் கொஞ்சம் சுற்றி எங்கள் வீட்டுக்கு மேலால் போவதாகச் சொன்னாள். மேலேயிருந்து பார்த்தால் எல்லாக் கூரையும் ஒன்றுபோல் இருக்குமாம், ஏதாவது அடையாளம் காட்டச் சொன்னாள். நான் முற்றத்தில், உடுப்புத் துவைக்கிற சிவப்புப் பேசினைத் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு மஸீஹா மதிலால் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, மழைக்கு ஆயத்தமா?" என்று கேட்டாள். விமானம் வந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருதரம் சாய்ந்து காட்டிவிட்டுப் போனது. என்னுடைய அறுபத்திரண்டு வயதில் ஒருவர் எனக்காக வானத்திலிருந்து கையசைத்தார் சேர். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வரச் சொன்னேன். அவளும் வந்தாள்.

டிசம்பர் மாதம் இரண்டு மணிதான் மிச்சம் என்றாகிவிட்டது. ஒருமுறை சீகிரியாவுக்குப் போய்வந்தால் முடிந்துவிடும். முகவர் நிலையம் எனக்கு ஐந்து கடிதம் எழுதியிருந்தது, இந்தப் பெண்ணின் கோப்பு என்ன ஆயிற்று என்று. பதிவேடு தெளிவில்லை, அவகாசம் வேண்டும் என்று ஐந்துக்கும் பதில் போட்டேன்.

ஒன்பதாம் தேதி காலை ஏழரை மணிக்கு ஹம்சிகா எனக்குப் போன் எடுத்தாள்.

"அன்ட்டி, இன்னைக்கி முடிஞ்சிரும். நாளைக்கி நீங்க பேப்பர அனுப்பிருங்க. ஆனா இன்னைக்கி நேரா குருநாகல் பக்கமாத்தான் போகப் போறேன், மலைப்பக்கம் சரியில்லங்குறாங்க. அங்க எப்படி இருக்கு?"

இங்கே நல்ல வெயில் என்று சொன்னேன். பொய்யில்லை. எங்கள் முற்றத்தில் வெயில்தான், மிளகாய் காயப் போட்டிருந்தேன். ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கம் மலையே தெரியவில்லை, வெள்ளையாக மூடியிருந்தது. ஆனால் அவள் இங்கே எப்படி என்றுதான் கேட்டாள். கடைசி நாள்தானே மகள், ரெண்டு சுத்து சுத்திட்டுப் போங்க என்றேன்.

அதனால்தான் சேர் மாத்தளைக்கு வந்தது.

முதல் சுற்றில் என்னைப் பார்த்துவிட்டாள், சாய்ந்து காட்டினாள். இரண்டாவது சுற்றை ரத்தோட்டைப் பக்கமாகக் கொஞ்சம் அகலமாக எடுத்தாள். வீட்டில் அம்மாவுக்கும் ஒருதரம் காட்ட நினைத்தாளோ என்னவோ. வெள்ளைக்குள் போனாள். சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பேசினைப் பிடித்தபடியே பத்தரை மணி வரைக்கும் நின்றேன். கை வலித்தது.

செத்த வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எம்புள்ளைக்கி இன்னும் எத்தன மணிங்க கொறஞ்சிச்சு?"

"ரெண்டு மணிதான்," என்றேன்.

அவர் தலையாட்டினார். ஈரத்துக்குக் கழித்ததைக் கேட்டுக்கொள்வதைப் போலத்தான் கேட்டுக்கொண்டார்.

கம்பனியில் அப்படியொரு கணக்கே இல்லை என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும், அதனால்தானே வந்திருக்கிறீர்கள். இல்லைதான். எல்லாக் கம்பனிக்கும் ஒரே கணக்கு, நகர்ந்ததிலிருந்து நிற்பது வரைக்கும். ஹம்சிகாவுக்கு ஒரு நிமிடமும் குறையவில்லை. மேசையின் கீழ் லாச்சியைத் திறந்து பாருங்கள். இருநூற்று அறுபத்திரண்டு மணி, சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்ட தாள் இருக்கிறது. ஜூன் பன்னிரண்டு, அவள் முதலாவது வியாழக்கிழமை வந்து போன அன்று சாயங்காலமே எழுதியது. வேலையில் நான் ஒருபோதும் சுணங்கியதில்லை. தபாலில் சேர்க்கத்தான் இல்லை. சேர்த்திருந்தால் ஜூலையில் அவள் நேர்முகத்துக்குப் போயிருப்பாள், பிறகு பெரிய விமானம், பெரிய ஊர்கள். அங்கேயெல்லாம் அவளுக்கு யார் சோறு போட்டிருப்பார்கள்?

பதிவேடு இதோ, நீங்கள் கொண்டு போகலாம். கடைசி வரியை நான்தான் எழுதினேன், அவளுடைய எழுத்தைப் போலவே வந்திருக்கிறது. எட்டுப் பதினாலுக்கு இரத்மலானையில் நகர்ந்தது. மலையில் ஓய்ந்து நின்றது ஒன்பது பதினாறுக்கு என்று உங்கள் ஆட்கள்தான் பத்திரிகையில் சொல்லியிருந்தார்கள். ஒரு மணி இரண்டு நிமிடம். கூட்டிப் பாருங்கள், இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று மணி இரண்டு நிமிடம் வரும். தரையில் ஊர்ந்த நேரம் உட்பட எல்லாம் சேர்த்திருக்கிறேன். அவளுடைய அம்மாவைப் பார்த்தால் சொல்லுங்கள் சேர், நான் யாருக்கும் எதையும் கழித்தவள் இல்லை.