பதினெட்டாம் திகதி விரித்த ஈரப் படுக்கை

அவையின் நடுவே அமர்ந்து எங்களையெல்லாம் ஒரு பார்வையால் கட்டி வைத்திருக்கும் பாற்பண்ணையாளர் சங்கத் தலைவர் அன்னப்பிள்ளை அம்மையார் அவர்களே! மடிநோய் என்று சொல்லி அனுப்பினால் மழையென்றும் பாராமல் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கும் மிருக வைத்தியர் டிலக்சனா அவர்களே! வயலே வாழ்வு, மாடே மதிப்பு என்று வாழும் பாப்பாமோட்டைப் பெரியோரே! விடியுமுன் எழுந்து, கைகழுவி, கன்றவிழ்த்து, கறந்தெடுத்து, கதிரவனுக்கு முன்னே பால் நிலையம் சேரும் தாய்மாரே! எங்கள் இயந்திரத்தைப் பார்க்கவென்று தலைமன்னாரிலிருந்து வந்திருக்கும் விருந்தினரே! உங்கள் எல்லோருக்கும் சங்கச் செயலாளர் சரவணமுத்துவின் வணக்கம்.

‘சாணியால் வந்த செழிப்பு’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்தேன். அதை இன்றைக்கு வாசிக்கப் போவதில்லை. பின்வரிசையில் தம்பு அண்ணர் கை தட்டுகிறார். தட்டுங்கோ அண்ணை, உங்களில் பிழையில்லை. என் பேச்சுக்கு நீங்கள் பயப்படுவதற்கு நியாயம் உண்டு என்பதை நானே இப்போதுதான் அறிந்து, அதிர்ந்து போய் நிற்கிறேன்.

வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துருவிய தேங்காய்ப்பூவைப் பிழிந்தால் பால் ஒருபக்கம், சக்கை ஒருபக்கம் வருமல்லவா? எங்கள் பொதுக் கொட்டிலில் நிற்கும் இயந்திரம் சாணியை அப்படித்தான் பிழிகிறது. சக்கை வெயிலில் காய்ந்தால் மாட்டுக்குப் படுக்கை. சாறு தொட்டியில் தேங்கினால் வயலுக்கு உரம். யூரியா கிடைக்காமல் பயிர் மஞ்சளித்து நின்ற போகத்தை மறந்தோமா? கொட்டில் கழுவிய தண்ணீர் குளத்தில் விழுந்து, குளமே பச்சைப் பாசியாய்க் கிடந்ததை மறந்தோமா? மாட்டுப் படுக்கைக்குத் தும்புத்தூள் தேடி லொறி பிடித்து அலைந்ததை மறந்தோமா? இன்று எந்த வயலுக்கு எவ்வளவு சாறு என்று அளந்து விடுகிறோம். மாட்டைச் சாணியிலா படுக்க வைப்பது என்று முதலில் முகம் சுளித்தோம். வாசலைச் சாணியால் மெழுகி, அதிலேயே பிள்ளையாரும் பிடித்து வைக்கிற நாங்கள் முகம் சுளித்தோம். பிறகு பழகிவிட்டோம்.

இயந்திரம் நல்லது. கெடுத்தது வேறொன்று. அதைச் சொல்லத்தான் எழும்பினேன்.

இயந்திரம் ஓடத் தொடங்கிப் பல மாதம் கழித்து, போன மாதம் பதினெட்டாம் திகதிதான் அதற்கு முறைப்படி திறப்புவிழா வைத்தோம். கொட்டிலில் படுக்கை விரிக்கும் பொறுப்பு ரஜிதாவுடையது. அதோ, வாசலோரம் கதிரையில் இருக்கிறார். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். கூலிக்குப் போய், மிச்சம் பிடித்து, ஒரு சிவப்புப் பசு வாங்கி, அதையும் அந்தக் கொட்டிலிலேயே கட்டியிருப்பவர். விழாவன்று காலையில் ஒரு கை சக்கையை அள்ளி என் முன்னால் பிழிந்து காட்டினார். விரலிடுக்கால் தண்ணீர் சொட்டியது. “இன்னும் ஈரமா இருக்குங்க ஐயா. ரெண்டு நாள் வெயில்ல காயட்டும்” என்றார்.

நான் என்ன சொன்னேன்? “விருந்தினர் வாற நாள், வெறும் நிலத்தைக் காட்டேலாது. விரியுங்கோ பிள்ளை.” இதே வாய்தான் சொன்னது. இதோ இந்த வாய்.

பின்னேரம் மூன்று மணிக்குக் கறக்க வேண்டிய மாடுகள். விருந்தினர் வந்து சேர்ந்ததோ நான்கு மணிக்கு. மேளம் முழங்கியது, மாலை விழுந்தது, பொன்னாடை போர்த்தினோம். பிறகு நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். பிடித்தால் விடுவேனா? ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினேன் என்று பிறகு சொன்னார்கள். பசு எங்கள் தாய் என்று முழங்கினேன். அவள் மடி எங்கள் கோயில் என்று முழங்கினேன். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தத் தாய் என் முதுகுக்குப் பின்னால் பால் கட்டி, வலி பொறுக்காமல் கால் மாற்றிக்கொண்டு நின்றாளே, ஒருதரம் திரும்பிப் பார்த்தேனா? காம்பால் பால் தானாகச் சொட்டியதைப் பார்த்தேனா? நிற்க முடியாமல் அந்த ஈரத்திலேயே அவள் படுத்ததைப் பார்த்தேனா? இல்லை ஐயா. நான் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மூன்று மாடுகளின் மடி கல்லாய் இறுகியது. பாலோடு கட்டியும் இரத்தமும் வந்தது. அதில் ஒன்று ரஜிதாவின் சிவப்புப் பசு. அதற்குப் பிறகு ஊர் என்ன கதைத்தது? ரஜிதாவுக்குக் கை சுத்தமில்லை என்றது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மாடு பார்க்கத் தெரியுமோ என்றது. சங்கம் அவருடைய பாலை வாங்காமல் நிறுத்தியது. அந்தக் கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து. அவர் பெயரைச் சங்கத்திலிருந்து நீக்கும் தீர்மானமும் இன்றைய கூட்டத்துக்கு என் கையால் எழுதப்பட்டதுதான்.

போன செவ்வாய்க்கிழமை வைத்தியர் சங்கக் கந்தோருக்கு, என் மேசை தேடி வந்தார். ரஜிதாவைப் பற்றிக் கேட்பார் என்று இருந்தேன். “அண்டைக்கு மாடுகளை எத்தனை மணிக்குக் கறந்தனீங்கள்?” என்று கேட்டார். ஆறுக்குக் கிட்ட என்றேன். பால் கட்டிய காம்பு திறந்து கசியும், அந்த நேரம் ஈரப் படுக்கையில் படுத்தால் கிருமி உள்ளே போகும் என்று விளக்கினார். படுக்கை காய்ந்திருந்ததோ என்றும் கேட்டார். ரஜிதாவின் விரலிடுக்கால் சொட்டிய தண்ணீர்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. இத்தனை நாளும் ஒரு ஏழைப் பெண்ணின் தலையில் என் பிழையைச் சுமத்திவிட்டு நிம்மதியாய் நித்திரை கொண்டிருக்கிறேன் என்று நினைக்க எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அன்றைக்கே ரஜிதாவின் வீட்டுக்குப் போனேன். நான் சொல்லித்தான் விரித்தது என்று ஏன் பிள்ளை ஒருத்தருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் அழவில்லை, ஏசவில்லை. “சொன்னா யாரு ஐயா நம்புவாங்க? நீங்க மைக்கில பேசுற ஆளு” என்றார்.

பெரியோரே, தாய்மாரே! முப்பது வருசம் மேடையேறியிருக்கிறேன். இப்படி ஒரு அடி நான் வாங்கியதில்லை. நாங்கள் பேசிப் பேசி, பேசத் தெரியாதவர்களின் வாயை அடைத்துவிட்டோமா? சக்கையைப் பிழிந்து காட்டிய கை சொன்னதை விட, ஒலிவாங்கி பிடித்த கை சொன்னதுதான் உண்மை என்று ஊரைப் பழக்கிவிட்டோமா? இதைவிட என்ன கேவலம் வேண்டும்?

அந்தத் தீர்மானத்தை மீளப் பெறுகிறேன். பால் நிறுத்திய கடிதத்தையும் மீளப் பெறுகிறேன். தலைவர் அம்மையார் தலையசைக்கிறார், நன்றி அம்மா. சிவப்புப் பசுவின் ஒரு காம்பு இனிப் பால் தராது. மற்ற மூன்று காம்பும் சுகம், பாலில் குறையில்லை என்று வைத்தியர் எழுதித் தந்திருக்கிறார். இனிமேல் எந்தப் படுக்கையையும் ரஜிதா பிழிந்து பார்த்து, ஒரு சொட்டும் வரவில்லை என்று சொன்ன பிறகுதான் விரிக்க வேண்டும். மந்திரி வந்தாலும் சரி, மழை வந்தாலும் சரி.

என்ன தம்பு அண்ணை? ஓம், இன்னும் நாலு பக்கம் பேச எனக்கு ஆசைதான். ஆனால் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. ரஜிதா, எழும்புங்கோ பிள்ளை. போய்க் கறந்து, பாலை நிலையத்துக்குக் கொண்டு வாங்கோ. கேனை வாங்கி நிறுக்க நானே அங்கே நிற்பன். மற்றவர்களும் எழும்புங்கோ. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. கொட்டிலில் காத்து நிற்கிற மாடுகளுக்கு என் வணக்கம்.