சிவப்புக்குக் கைதட்டினோம்

விழாவுக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே! எங்களை நம்பி வந்திருக்கும் குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர்களே, செவிலியச் சகோதரிகளே! முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுப்பைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டால் தப்பிவிடலாம் என்று நினைக்கும் என் கணவர் அவர்களே! அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்!

கைதட்டலை இப்போதே தீர்த்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

நான் சோதனைக்காரி. மற்றவர் எழுதும் நிரலில் குறை காண்பது என் தொழில். "வீட்டுலயும் அதேதான்" என்று மூன்றாம் வரிசையில் உதடு அசைவது இங்கிருந்தே தெரிகிறது!

குழந்தைக்கு எவ்வளவு மருந்து என்று கணக்கிட்டுச் சொல்லும் எங்கள் மென்பொருளை மருத்துவமனை இன்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதியது. அதன் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு சிறு சோதனை உண்டு. அந்தச் சோதனைகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் உருவாக்கி, உலாவியில் ஓடவிட்டு, தேறினால் பச்சைப் பட்டை, தவறினால் சிவப்புப் பட்டை காட்டுவதற்குப் பிளகின் என்ற ஒரு துணைநிரல் உண்டு. அதை எங்கள் பில்டில், அதாவது நிரல்களைத் தொகுத்து மென்பொருளாக்கும் ஓட்டத்தில், பொருத்தி அமைத்த பெருமகனார் யார்? ஆம், மூன்றாம் வரிசை!

அமைத்த அன்றிலிருந்து பச்சை. காலையிலும் பச்சை, மாலையிலும் பச்சை, மழையிலும் பச்சை, வெயிலிலும் பச்சை! அலுவலகமே குளிர்ந்தது. எனக்கு மட்டும் சந்தேகம். ஏன்? யானைக்கும் அடி சறுக்கும் என்கிறார்களே, எங்கள் ஆட்களுக்கு மட்டும் சறுக்கவே சறுக்காதா?

மென்பொருளை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. காலையில் வந்ததும், "இரண்டும் இரண்டும் ஐந்து" என்று ஒரு பொய்ச் சோதனையை எழுதி உள்ளே வைத்தேன். பில்டு ஓடியது. என்ன வந்தது? உரக்கச் சொல்லுங்கள்! அதேதான், பச்சை!

கணவரைக் கூப்பிட்டேன்.

"ரெண்டும் ரெண்டும் எவ்வளவுங்க?"

"காலங்காத்தால என்ன விளையாட்டு? நாலு."

"உங்க பிளகின் அஞ்சுன்னாலும் சரிங்குது."

அவர் முகம் வெளுத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அமைப்புக் கோப்பைத் திறந்தார். சோதனைகளை நாங்கள் பிளகின் வருவதற்கு முன்பே வேறொரு ஃபோல்டருக்கு மாற்றியிருந்தோம். கோப்பிலோ பழைய ஃபோல்டரின் பெயர்! பிளகின் பாவம், சொன்ன இடத்துக்குப் போனது, காலி அறையைக் கண்டது, ஒரு பக்கமும் உருவாக்காமல் "தவறியவர் எவருமில்லை" என்று பச்சை காட்டியது. தேர்வே எழுதாத வகுப்பில் யார் தோற்பார்கள்?

தலைவர் ஓடி வந்தார். "மதியம் அனுப்பணும்மா. இதை அப்புறம் பாத்துக்கலாமே?"

"தாராளமா அனுப்புங்க சார். முதல் மருந்தை உங்க பேரனுக்குக் குடுங்க."

அவரும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐயா, கோபமில்லையே? சிரிக்கிறார், பிழைத்தேன்!

கணவர் ஃபோல்டர் பெயரைத் திருத்தினார். "சோதனை எதுவும் கிடைக்காவிட்டால் பில்டை நிறுத்து" என்ற அமைப்பையும் சேர்த்தார். பக்கங்கள் மளமளவென்று பிறந்தன. என் பொய் சிவப்பில் மாட்டியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதுபோல் அதன் கீழே இன்னொரு சிவப்பு!

மருந்தின் அளவைப் பட்டியலில் தேர்ந்தெடுத்தால் கணக்கு சரி. செவிலியர் விசைப்பலகையில் தட்டினால் எங்கள் நிரல் எண்களைக் கூட்டாமல், எழுத்துகளைப் போல ஒட்டிவைத்தது. காலை ஐந்து மில்லி, மாலை ஐந்து மில்லி, மொத்தம் எவ்வளவு? ஐம்பத்தைந்து! ஒரு பச்சைக் குழந்தைக்கு, அவையோரே, ஐம்பத்தைந்து!

அப்போது ஒருவர் கைதட்டினார். யார்? தான் அமைத்த பிளகின் சிவந்ததற்கு, என் கணவரே! "இப்பதான் இது வேலை செய்யுது" என்றார். தலைவர் தட்டினார், அறையே தட்டியது. சிவப்புக்குக் கைதட்டிய அலுவலகத்தை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா?

நிரலைத் திருத்தினோம். என் பொய்ச் சோதனையை எடுத்தேன். மறுபடி பச்சை.

"இப்ப நம்புவியா?" என்றார்.

"இப்ப நம்புறேங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் எளிதில் சொல்லாத சொல் அது!

மென்பொருள் மறுநாள்தான் போனது. வானம் இடிந்து விழுந்ததா? வாக்குத்தான் கெட்டதா? சிவக்கத் தெரியாத பட்டையின் பச்சைக்கு என்ன மதிப்பு? தோற்கத் தெரிந்த சோதனை தந்த வெற்றி இது! தேடிப் பெற்ற வெற்றி, திருத்திப் பெற்ற வெற்றி, தலை நிமிர்ந்து பெற்ற வெற்றி!

தாய்மார்களே, உங்கள் மடியில் உறங்கும் பிள்ளைக்கு இனி ஐந்தும் ஐந்தும் பத்து. பத்தேதான்!

சேர்த்து வைத்த கைதட்டலை இப்போது தாருங்கள், மூன்றாம் வரிசைக்கு! எழுந்து நில்லுங்கள், ஐயா! கேட்ட செவிகளுக்கும் தட்டும் கைகளுக்கும் நன்றி. வணக்கம்!