பால் பார்க்க வந்தவர்

ஒரு மாட்டுக் கொட்டகை சுத்தமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள உள்ளே போகவே வேண்டாம். வாசலில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்தால் போதும். ஓய்வு பெறும்வரை மினசோட்டாவின் பால் பண்ணைகளை நான் அப்படித்தான் சோதித்தேன். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பேன். என் காரைக் கண்டாலே பண்ணைக்காரர்கள் துடைப்பத்தைத் தேடி ஓடுவார்கள்.

என் மனைவி ஆர்டிஸை நான் முதலில் பார்த்ததும் அப்படி ஒரு பண்ணையில்தான். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்து, "அப்பா கொட்டகைல இருக்காரு, போய்ப் பாருங்க" என்றாள். பாலில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் அடுத்த வாரமே மறுபடி போனேன்.

வயதான பிறகு அவளுக்கு மறதி நோய் வந்தது. அடுப்பை அணைக்க மறந்தாள், பனியில் வெறுங்காலோடு நடந்தாள். வேறு வழியில்லாமல் ஏரிக்கரையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். சேர்த்துவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு நாள் என்று திடீர் திடீரென்று போனேன். வாசலில் மூச்சை இழுத்தேன். போர்வையைத் தூக்கி அவள் குதிகாலில் புண் இருக்கிறதா என்று பார்த்தேன். சூப்பில் விரலை வைத்துச் சூடு பார்த்தேன். வேலைக்காரப் பெண்கள் என் காதுபடவே, "இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு, எல்லாரும் ஒழுங்கா நில்லுங்கடி" என்று சிரிப்பார்கள். எனக்குக் கோபம் இல்லை. பயமிருக்கும் இடத்தில் வேலை ஒழுங்காக நடக்கும்.

ஆர்டிஸைக் கவனித்தவள் யாட்டா. லைபீரியாவிலிருந்து வந்தவள், தாட்டியான உடம்பு, எப்போதும் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பாள். கரண்டியை ஆர்டிஸின் கையிலேயே கொடுத்து, அடியில் தன் கையை வைத்துத் தாங்கிக்கொள்வாள். தானே சாப்பிடுவதாக ஆர்டிஸ் நினைத்துக்கொள்வாள். பாதி உருளைக்கிழங்கு மடியில் விழும். மீதியை ஒழுங்காகச் சாப்பிட்டுவிடுவாள்.

நான் உள்ளே நுழைந்தால் ஆர்டிஸ் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்பா கொட்டகைல இருக்காரு" என்பாள்.

"மா, இவரு பால் பாக்க வந்தவரு இல்ல. உங்க வீட்டுக்காரரு" என்பாள் யாட்டா.

"மெதுவாப் பேசுடி. கறாரான ஆளு. எல்லாப் பாலையும் கீழ கொட்டச் சொல்லிருவாரு."

இருவரும் தோளோடு தோள் இடித்துச் சிரிப்பார்கள். அறுபது வருஷத்தை நெருங்கிய திருமண வாழ்க்கையில் என்னோடு அவள் அப்படிச் சிரித்ததில்லை. வலித்தது. அதை மறைக்க மாட்டேன்.

முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் மாநில அலுவலகத்துக்குப் புகார் கொடுத்தேன். சூப் ஆறிப்போகிறது, மணியடித்தால் வரத் தாமதமாகிறது என்றேன். பௌலா ஹெக்கி என்ற அதிகாரி வந்து எல்லாவற்றையும் கிளறிப் பார்த்தார். "சார், நான் பாத்த இல்லங்கள்லயே இது ரொம்ப நல்ல இடம். எங்கம்மாவையே இங்க கண்ண மூடிக்கிட்டு விடுவேன்" என்றார்.

குறையே இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது. குறை தெரியவில்லை என்றால் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். என் வேலைக் காலத்திலும் சில கொட்டகைகள் இருந்தன. அழுக்கு என்று எனக்குத் தெரியும், ஆனால் சோதனையில் பால் சுத்தம் என்று வரும். அந்த மாதிரி இடங்களில் ஒன்றிரண்டு தடவை, சோதனைக்கு அனுப்பும் பால் குப்பிக்குள் என் அழுக்கு விரலை விட்டிருக்கிறேன். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்த உண்மைக்குக் கொஞ்சம் கைகொடுத்தேன், அவ்வளவுதான்.

பனிக்காலம் தொடங்கியபோது ஆர்டிஸின் கையில், அக்குளுக்குக் கீழே தோல் மெல்லிசாக இருக்கும் இடத்தில், கன்றிப்போன தடங்கள் தெரிந்தன. விரல் தடங்கள். நான்தான் இல்லத்து மேலாளரை அழைத்துக் காட்டினேன். பௌலா மறுபடியும் வந்தார். அவளைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவது யாட்டா என்பது எல்லோருக்கும் தெரியும்.

பௌலா தரையில் மண்டியிட்டு, "ஆர்டிஸ், யாரும்மா உங்க கையப் புடிச்சு இப்படிப் பண்ணது?" என்று கேட்டார்.

ஆர்டிஸ் அவரைப் பார்த்தாள். பிறகு, "வெர்லின்" என்றாள்.

பௌலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், இந்த நிலைமையிலயும் புருஷனத்தான் கூப்புடுறாங்க" என்று என் தோளைத் தொட்டார். நான் கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன்.

யாட்டாவை அன்றே வெளியே அனுப்பினார்கள். இனி எந்த இல்லத்திலும் அவள் வேலை பார்க்க முடியாது. கோட்டைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஐயா, சத்தியமா நான் செய்யல. அதை விடுங்க. கரண்டிய அம்மா கையிலயே குடுங்க. நீங்க அடியில தாங்கிக்கிட்டாப் போதும், சாப்புட்டுருவாங்க" என்றாள்.

அப்படிச் செய்தால் கீழே சிந்தும். அதனால் நானே சுத்தமாக ஊட்டினேன். ஆர்டிஸ் வாயைத் திறக்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்ப்பாள். வேறு யாராவது வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். உடம்பு கரைந்துகொண்டே வந்து, ஏரியில் பனி உருகுமுன் போய்விட்டாள். கடைசிவரை நான் பக்கத்தில் இருந்தேன். அவளும் நானும் மட்டும்தான். எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

யாட்டா மேல்முறையீடு செய்திருக்கிறாள் என்று நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். வந்ததும் என்னைப் பார்த்து நேராகக் கேட்டீர்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

ஆர்டிஸ் அன்று யாரையும் கூப்பிடவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னாள்.

முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலைவாரிப் பின்னல் போட்டுவிட்டு யாட்டா வெளியே போனாள். ஒரு தடம் விழுந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கையைப் பிடித்து அழுத்தினேன். ஆர்டிஸ் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பால் பார்க்க வந்தவரைப் பார்க்கிற பார்வை இல்லை அது. "வெர்லின்" என்றாள், அவ்வளவு தெளிவாக. அந்தப் பெயரை அவள் வாயில் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. புகாருக்கு அந்த ஒரு தடமே போதும். மறுநாளும் அதற்கு மறுநாளும் அழுத்தியது புகாருக்காக இல்லை.

எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் என்னை மறக்கவில்லை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.